செத்தவர் திரும்பி வந்தால்..? ‘நான்தான் அவன்’ என்பதை யார் முடிவு செய்வது?

டாக்கா நகரில் புரிகங்கா ஆற்றை ஒட்டி பக்லண்டு பண்ட் என்றொரு கரைச்சாலை உண்டு. ஊர்க்காரர்கள் காற்று வாங்க வரும் இடம். 1921-ம் ஆண்டின் தொடக்க மாதங்களில் அங்கே உடம்பெல்லாம் சாம்பல் பூசி, ஜடாமுடியோடு ஒரு சாமியார் உட்கார்ந்திருந்தார். வெயில் மழை பார்க்காமல் மாதக்கணக்கில் அதே இடத்தில். சிவந்த நிறம், பழுப்புத் தலைமுடி. அவரைப் பார்த்த சிலருக்கு ஒரு சந்தேகம் வந்தது. ‘இவர் நம்ம பவால் ஜமீனின் இரண்டாவது குமாரர் மாதிரியே இருக்காரே?’

சிக்கல் என்னவென்றால், அந்தக் குமாரர் இறந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. இறப்புச் சான்றிதழ் இருந்தது. காப்பீட்டுப் பணம்கூட வாங்கியாகிவிட்டது. மனைவி விதவைக் கோலத்தில் கல்கத்தாவில் இருந்தார்.

அங்கே தொடங்கிய வழக்கு முடிய 1946 ஆனது. டாக்கா நீதிமன்றம், கல்கத்தா உயர் நீதிமன்றம், லண்டன் பிரிவி கவுன்சில் என்று மூன்று படிகள். 1,500-க்கும் அதிகமான சாட்சிகள். இவ்வளவும் ஒரே ஒரு கேள்விக்காக: இந்த ஆள், அந்த ஆள்தானா?

‘நான் யார்?’ என்பதை ஆன்மிகக் கேள்வியாகவே கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால், சொத்து, கல்யாணம், தண்டனை, பென்ஷன் என்று வரும்போது அதே கேள்வி திண்ணையை விட்டு இறங்கி கோர்ட் படி ஏறுகிறது. அப்போது தத்துவம் தரும் பதில் செல்லுபடி ஆகிறதா? இதைப் புரிந்துகொள்ள, பவால் சாமியார் வழக்கைப் போல உதவக்கூடிய வழக்கு வேறொன்று கிடைப்பது கடினம்.

டார்ஜிலிங்கில் நடந்தது என்ன?

பவால், இன்றைய வங்கதேசத்தின் காசிப்பூர் பகுதியில் இருந்த பெரிய ஜமீன். ஜெய்தேப்பூரில் அரண்மனை. ராஜா ராஜேந்திர நாராயண் ராய் 1901-ல் இறந்தபோது மூன்று மகன்கள். நடுவில் பிறந்தவர் ராமேந்திர நாராயண் ராய். வேட்டை, குடி, சகவாசம் என்று திரிந்தவர். பால்வினை நோயும் இருந்தது. 1909 ஏப்ரலில் மனைவி விபாவதி தேவி, மச்சான் சத்யேந்திரநாத் பானர்ஜி, குடும்ப டாக்டர் ஆசுதோஷ் தாஸ்குப்தா ஆகியோருடன் டார்ஜிலிங் போனார். ‘ஸ்டெப் அசைடு’ என்ற வீட்டில் தங்கினார்கள். (பின்னாளில், 1925-ல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் இறந்ததும் இதே வீட்டில்தான்.) மே மாதம் குமாரர் நோய்வாய்ப்பட்டு இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. அப்போது அவருக்கு 25 வயது நிறையவில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் அண்ணனும் தம்பியும் இறந்தார்கள். மூவருக்குமே பிள்ளை இல்லை. ஜமீன் நிர்வாகத்தை ஆங்கில அரசின் ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ எடுத்துக்கொண்டது. கையில் குடிமக்கள் மட்டும். எதிரில் ஜமீன்தார் இல்லை.

இடையில் ஊரில் ஒரு வதந்தி ஓடிக்கொண்டே இருந்தது. குமாரரின் உடல் முழுதாக எரியவில்லை. சுடுகாட்டில் புயல் மழை அடித்து எல்லோரும் ஒதுங்கி நின்றபோது உடல் காணாமல் போய்விட்டது. மறுநாள் எரித்தது வேறு உடல். விஷம் வைத்தார்கள் என்றும் பேச்சு. பின்னர் சாமியார் சொன்ன கதையும் இதோடு பொருந்தியது. நாகா சாதுக்கள் தன்னைக் காப்பாற்றினார்கள், நினைவு போய்விட்டது, அவர்களோடு வட இந்தியா முழுக்க அலைந்தேன், பல ஆண்டுகள் கழித்து டாக்கா என்ற ஊர்ப்பெயர் நினைவுக்கு வந்தது, குருவிடம் சொல்லிவிட்டு வந்தேன் என்றார்.

1921 ஏப்ரலில் அவரை ஜெய்தேப்பூருக்கு அழைத்துப் போனார்கள். சகோதரி ஜோதிர்மயி தேவி பார்த்தார். கை, கால், காது, பழைய தழும்பு எல்லாவற்றையும் பார்த்தார். மே 4-ம் தேதி கூட்டத்துக்கு நடுவே, தான் ராமேந்திர நாராயண்தான் என்று சாமியார் வாயைத் திறந்து சொன்னார். சின்ன வயதில் பால் கொடுத்து வளர்த்த தாதியின் பெயரைக் கேட்டபோது, அதையும் சொன்னார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

சகோதரி ஏற்றுக்கொண்டார். அண்ணியும் பின்னர் அவர் பக்கம் நின்றார். தம்பியின் மனைவி எதிர்த்தார். ஜூன் மாதம் டாக்கா கலெக்டர் லிண்ட்சே, இவர் போலி என்று அறிவிப்பு ஒட்டினார். விபாவதியோ, கணவர் இறந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். இவர் யாரோ என்றார். கடைசி வரை அந்தப் பேச்சிலிருந்து அவர் மாறவே இல்லை.

நினைவுதான் ஆளா?

இங்கே கொஞ்சம் நிறுத்தி, 200 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக், மனித அறிவு பற்றிய தன் நூலின் இரண்டாம் பதிப்பில் (1694) இந்தக் கேள்விக்கென்றே ஒரு அத்தியாயம் சேர்த்தார். ஒரு இளவரசனின் நினைவுகள் எல்லாம் செருப்புத் தைப்பவர் ஒருவரின் உடலுக்குள் புகுந்துவிட்டால் அந்த ஆள் யார் என்று கேட்டார். பார்ப்பவர்களுக்கு அவர் செருப்புத் தைப்பவர்தான். ஆனால், செய்த செயல்களுக்குப் பொறுப்பேற்க வேண்டிய ‘ஆள்’ இளவரசன் என்பது லாக்கின் பதில். உடல் எதுவானாலும் நினைவு எதுவரை நீள்கிறதோ அதுவரை ஆள்.

தமிழ் வாசகருக்கு இது புதுக் கதை அல்ல. கூடு விட்டுக் கூடு பாயும் கதைகளில் வளர்ந்தவர்கள் நாம். அதிலும் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் திருமூலர் வரலாறு, லாக்கின் கதையைவிட ஒரு படி கூர்மையானது. சாத்தனூரில் மூலன் என்ற இடையர் இறந்து கிடக்கிறார். மாடுகள் சுற்றி நின்று கதறுகின்றன. அந்த வழியே வந்த யோகி மனமிரங்கி அந்த உடலுக்குள் புகுகிறார். மாடுகளுக்குச் சந்தோஷம், அவற்றுக்கு இவர் மூலன்தான். மாலையில் மூலனின் மனைவி வருகிறார். உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிறார் இவர். அவர் அழுதுகொண்டே போய் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறார். அவர்கள் வந்து பார்த்து, இவர் பழைய ஆள் இல்லை என்று முடிவு சொல்லி அனுப்புகிறார்கள்.

லாக்கின் கதையில் மனைவியும் இல்லை, பஞ்சாயத்தும் இல்லை. சேக்கிழாரிடம் இரண்டும் இருக்கின்றன. ஒருவர் வேறு ஆளாக மாறினால், அதற்கான விலையைப் பக்கத்தில் இருப்பவர்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. சாத்தனூரில் கணவர் ‘நான் அவன் இல்லை’ என்றார், மனைவி ‘நீதான்’ என்றார். பவாலில் அப்படியே தலைகீழ்.

லாக்கின் கோட்பாட்டில் ஓர் ஓட்டை உண்டு என்று ஸ்காட்லாந்து தத்துவவாதி தாமஸ் ரீடு 1785-ல் காட்டினார். தோட்டத்தில் திருடி அடி வாங்கிய சிறுவன், வளர்ந்து போரில் எதிரிக் கொடியைக் கைப்பற்றும் அதிகாரி ஆகிறான், முதுமையில் ஜெனரல். அதிகாரிக்கு அடி வாங்கியது நினைவிருக்கிறது. ஜெனரலுக்குக் கொடியைக் கைப்பற்றியது நினைவிருக்கிறது. அடி வாங்கியது மறந்துவிட்டது. அப்படியானால் சிறுவனும் அதிகாரியும் ஒரே ஆள், அதிகாரியும் ஜெனரலும் ஒரே ஆள். ஆனால், சிறுவனும் ஜெனரலும் வேறு வேறு ஆள் என்றாகிறது. கணக்கு இடிக்கிறது.

மறதி ஆளை மாற்றிவிடுமா என்பதற்குக் கற்பனைக் கதைதான் வேண்டும் என்றில்லை. 1887 ஜனவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஆன்செல் போர்ன் என்ற கிறிஸ்தவப் போதகர் வங்கியில் பணம் எடுத்துக்கொண்டு கிளம்பினார், ஆளைக் காணோம். மார்ச் மாதம் பென்சில்வேனியாவின் நாரிஸ்டவுனில் ஒருவர் தூக்கத்திலிருந்து பதறி எழுந்து, இது எந்த ஊர் என்று கேட்டார். அக்கம்பக்கத்துக்கு அவர் ஏ.ஜே. பிரவுன், மிட்டாயும் காகிதமும் பழமும் விற்கும் சின்னக் கடைக்காரர். கடை வைத்த ஞாபகமே போர்னுக்கு இல்லை. உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-ல் அவரை மனவசியத்துக்கு உட்படுத்தியபோது, உள்ளிருந்து பிரவுன் பேசினார். அவருக்குப் போர்னின் வாழ்க்கை சரியாகத் தெரியவில்லை.

இன்னொரு பக்கம், பிரிட்டன் இசைக் கலைஞர் கிளைவ் வேரிங். 1985-ல் மூளையைத் தாக்கிய ஹெர்பிஸ் வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு புதிதாக எதுவும் அவர் மனதில் தங்குவதில்லை. சில நொடிகளில் அழிந்துவிடும். இப்போதுதான் முதன்முறையாக விழித்திருக்கிறேன் என்று டைரியில் எழுதுவார், அதை அடித்துவிட்டு மறுபடி அதையே எழுதுவார். ஆனால், மனைவி டெபோரா உள்ளே வந்தால் முகம் மலரும். பியானோ முன் உட்கார்ந்தால் விரல் தானாக ஓடும். லாக்கின் அளவுகோலை எடுத்துக்கொண்டால் நொடிக்கொரு வேரிங் பிறந்து சாகிறார். டெபோராவுக்கு அவர் ஒரே வேரிங்தான். இதில் யார் சொல்வது சரி என்று கேட்டால், டெபோராவின் பக்கம் சாயாமல் இருப்பது கஷ்டம்.

கோர்ட்டில் எடுபட்டது எது?

பவாலுக்குத் திரும்புவோம். 1930 ஏப்ரலில் சாமியார் ஜமீனில் தன் மூன்றில் ஒரு பங்கைக் கேட்டு டாக்காவில் வழக்குப் போட்டார். 1933 நவம்பரில் நீதிபதி பன்னாலால் பாசு முன்பு விசாரணை தொடங்கியது. குடும்பத்துச் செய்திகள் எத்தனையோ சாமியாருக்குத் தெரிந்திருந்தன. அதனால் அவர் ஜெயித்தாரா என்றால், இல்லை. எதிர்த்தரப்பு வாதம் எளிமையானது: சொல்லிக்கொடுத்தால் யாருக்கும் தெரியும். ஒன்பது ஆண்டுகள் சகோதரியின் ஆதரவில் இருந்தவருக்குத் தாதியின் பெயர் முதல் குதிரையின் பெயர் வரை யார் வேண்டுமானாலும் பாடம் நடத்தியிருக்கலாமே.

நினைவின் பலவீனம் இதுதான். சொல்லக்கூடிய நினைவு எதுவோ, அது சொல்லிக்கொடுக்கக்கூடியதும்கூட. சொல்லிக்கொடுக்கவே முடியாத அளவுக்கு அந்தரங்கமான நினைவென்றால், அது சரியா என்று சரிபார்க்க இன்னொருவர் இருக்க மாட்டார். லாக்குக்கே இது தெரிந்திருந்தது. போதையில் செய்த குற்றம் ஞாபகமே இல்லாதவரை ஏன் தண்டிக்கிறோம்? செயலை நிரூபிக்க முடியும், நினைவு இல்லை என்பதை நிரூபிக்க முடியாது. மனங்களின் ரகசியம் திறக்கும் நாள் கடவுளின் நியாயத்தீர்ப்பு நாள்தான் என்று அவர் சமாதானம் சொன்னார். டாக்கா நீதிபதிக்கு அதுவரை காத்திருக்க வசதி இல்லை.

எனவே, உடல் சாட்சிக் கூண்டில் ஏறியது. நிறம், முடி, காது மடல், உதடு, உடைந்த பல், கண்ணிமைக்குக் கீழே இருந்த மரு, கையில் புலி நகம் பட்ட தழும்பு, கணுக்காலில் ஒழுங்கற்ற தழும்பு, காலணி அளவு, பாதத்தின் சொரசொரப்பான தோல் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். அந்தத் தோல் அந்தக் குடும்பத்துக்கே உரியது என்ற வாதமும் வந்தது. பழைய போட்டோக்களை வைத்துக்கொண்டு நிபுணர்கள் இரு பக்கமும் மல்லுக்கட்டினார்கள். டார்ஜிலிங்கில் அன்றிரவு மழை பெய்ததா, இறந்தது அந்தி நேரத்திலா நள்ளிரவிலா என்று பல நாள் வாதம்.

இதற்கெல்லாம் நடுவே, சுவையான வேறொரு சண்டையும் நடந்தது. அது சாமியார் யார் என்பதைப் பற்றியது அல்ல. குமாரர் யாராக இருந்தார் என்பதைப் பற்றியது. எதிர்த்தரப்பின் குமாரர் படித்தவர், ஆங்கிலம் பேசுபவர், வெள்ளைக்கார விளையாட்டுகள் தெரிந்த கனவான். சாமியாருக்கோ ஆங்கிலமும் தெரியாது, அந்த விளையாட்டுகளின் சொற்களும் தெரியாது. இந்தி கலந்த வங்காளி பேசினார். ஆகவே, இவர் பஞ்சாபிலிருந்து வந்த மால் சிங் என்றார்கள். சாமியார் தரப்பின் குமாரர் படிப்பு ஏறாத முரடர். யானைப்பாகன்களோடும் குதிரைக்காரர்களோடும் திரிந்தவர். நீதிபதி பாசு இந்த இரண்டாவது குமாரரையே நம்பினார். அதாவது, உயிரோடிருப்பவரை அடையாளம் காண்பதற்கு முன், இறந்தவரை யார் என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஒருவரைப் பற்றி வீட்டுக்குள் இருக்கும் சித்திரமும் வெளியில் காட்டும் சித்திரமும் எவ்வளவு தூரம் விலகி நிற்கும் என்பதை இந்த வழக்கைப் போல அம்பலமாக்கியது வேறில்லை.

1936 ஆகஸ்ட் 24-ம் தேதி தீர்ப்பு. 532 பக்கங்கள். சாமியார்தான் ராமேந்திர நாராயண் ராய் என்றார் பாசு. கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் 1940-ல் மூன்று நீதிபதிகளில் காஸ்டெல்லோ, பிஸ்வாஸ் இருவரும் அதை உறுதி செய்தார்கள், லாட்ஜ் மறுத்தார். ஒரே ஆவணங்கள், ஒரே சாட்சியங்கள். இரண்டு பேருக்கு அவர் குமாரர், ஒருவருக்கு அவர் யாரோ.

விபாவதி விடவில்லை. வழக்கு பிரிவி கவுன்சிலுக்குப் போனது. அங்கே அமர்ந்த மூவரில் ஒருவர், முன்பு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சர் மாதவன் நாயர். 1946 ஜூலை 30-ல் மேல்முறையீடு தள்ளுபடி ஆனது. அவர்கள் சாட்சியங்களை முதலிலிருந்து எடைபோட்டுத் தீர்மானிக்கவில்லை. உண்மை எது என்பதில் கீழே இரண்டு நீதிமன்றங்கள் ஒரே முடிவுக்கு வந்துவிட்டால், விசேஷ காரணம் இன்றி அதில் தலையிடுவதில்லை என்ற விதியின்படி தீர்த்தார்கள். இன்றும் இந்தியச் சட்டப் புத்தகங்களில் பவால் வழக்கு இடம்பெறுவது அந்த விதிக்காகத்தான். 25 ஆண்டுகள் கேட்ட ‘நான் யார்’ என்ற கேள்விக்குக் கடைசியாகக் கிடைத்த பதில், ‘ஏற்கெனவே சொன்னதை மாற்றத் தேவையில்லை’ என்பதுதான்.

தீர்ப்புச் செய்தி வந்த சில நாட்களில் பக்கவாதம் தாக்கி அவர் இறந்தார். ஜெயித்த வாழ்க்கையை வாழ அவருக்கு ஒரு மாதம்கூட இல்லை.

ஊரே சொன்னால் உண்மையா?

ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சாமியாருக்காகச் சாட்சி சொன்னார்கள். இவ்வளவு பேருக்குத் தெரியாமலா போகும் என்று தோன்றும். ஆனால், கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் அதிகாரிகளை விட, தங்கள் மண்ணின் ஜமீன்தாரே மேல் என்று நினைத்த குடிகளுக்கு அவர் திரும்பி வருவது ஆசையாகவும் இருந்தது. 1921 என்பது ஒத்துழையாமை இயக்கத்தின் காலம் வேறு. கலெக்டர் ஒருவரைப் போலி என்று சொன்னதே அவர் அசல் என்பதற்கு அத்தாட்சி ஆகிவிட்ட நேரம். எதிர்ப்பக்கமும் சுத்தம் அல்ல. கணவர் உயிரோடு வந்தால் விபாவதியின் சொத்து வருமானம் கையை விட்டுப் போகும், அதை நம்பியிருந்த அண்ணனுக்கும்தான். சகோதரி ‘அவன்தான்’ என்றதிலும் மனைவி ‘அவரில்லை’ என்றதிலும் அன்பு எவ்வளவு, ஆதாயம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எந்த நீதிமன்றத்துக்கும் தராசு கிடையாது.

விபாவதியைப் பிடிவாதக்காரி என்று மட்டும் பார்ப்பது நியாயமில்லை. தீர்ப்பு சரி என்றே வைத்துக்கொள்வோம். அதே உடல், அதே ரத்தம். ஆனால், 12 ஆண்டுகள் தன்னையே மறந்து, வேறு மொழி பேசி, வேறு தெய்வத்தின் முன் விழுந்து, சொரூபமே மாறி வந்த ஒருவர். ‘ஆளே மாறிட்டார்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த வார்த்தை முழு அர்த்தத்தோடு பொருந்தக்கூடிய ஆள் அவர். சொத்துக்கு அதே உடல் போதும். கணவராக ஏற்பதற்கும் அது போதுமா என்பதை 532 பக்கத் தீர்ப்பு கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை.

ரேகை விழாத விரல்கள்

இந்த வழக்கு இன்று நடந்தால் மரபணுச் சோதனை ஒன்றில் முடிந்திருக்கும் என்பது உண்மை. சகோதரியின் ரத்தமும் அவர் ரத்தமும் போதும். அன்று உடலை நம்பிய பாசுவின் வழியைத்தான் நம் அரசுகள் இன்னும் நுட்பமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆதாருக்குப் பத்து விரல் ரேகை, இரண்டு கருவிழி, ஒரு முகம். நினைவை யாரும் கேட்பதில்லை.

ஆனால், உடலும் எப்போதும் ஒத்துழைப்பதில்லை. ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். ‘ரேகை விழல பாட்டி, துடைச்சிட்டு இன்னொரு தடவ வைங்க’ என்பார் கடைக்காரர். செங்கல் சுமந்தும் களை எடுத்தும் பாத்திரம் துலக்கியும் தேய்ந்த விரல்களை இயந்திரம் ஏற்காது. வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் அது எந்தப் பாட்டி, யார் வீட்டுப் பாட்டி என்று தெரியும். கருவிழியோ, போனுக்கு வரும் ஓடிபியோ வேலை செய்யும்வரை அவர் காத்திருக்க வேண்டும்.

உடல், ஊர், நினைவு மூன்றும் சாட்சி சொல்லியும் காகிதம் மறுத்த கதை ஒன்று உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கரில் உண்டு. லால் பிஹாரி என்ற விவசாயி கடன் வாங்குவதற்காகச் சான்று கேட்டுப் போனபோது, வருவாய்ப் பதிவேட்டில் தான் இறந்துவிட்டதாகப் பதிவாகியிருப்பதைப் பார்த்தார். நிலத்துக்காக உறவினர் செய்த வேலை. அலுவலகத்தில் எதிரே நின்று பேசியும் பயனில்லை. மனைவிக்கு விதவை உதவித்தொகை கேட்டார். தனக்கே இறுதி ஊர்வலம் நடத்தினார். 1989-ல் அமேதியில் ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலில் நின்றார். வேட்பாளர் பட்டியலில் பெயர் வந்தால் உயிரோடிருப்பதற்கு அது ஒரு சான்று ஆகுமே என்று. தன்னைப் போலவே காகிதத்தில் செத்தவர்களைத் திரட்டி ‘இறந்தவர்கள் சங்கம்’ ஆரம்பித்தார். பெயருக்குப் பின்னால் ‘மிருதக்’, அதாவது ‘இறந்தவர்’ என்று சேர்த்துக்கொண்டார்.

1994-ல் பதிவேடு திருத்தப்பட்டது. அவர் உயிரோடிருக்கிறார் என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டது. அதன் பிறகும் ‘மிருதக்’ என்ற அந்த ஒட்டை அவர் தன் பெயரிலிருந்து நீக்கவில்லை.